சுவரிடம் சொன்னது

என்னை வாயாடி என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். பேசிப் பேசி நான் யாரையும் கெடுத்ததில்லை. பேசாமல் இருந்துதான் ஒருத்தியைக் கெடுத்தேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒருத்தி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் வந்தபோது அவள் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மாமனார் அவளைப் பெரியவள் என்றும் என்னைச் சின்னவள் என்றும் கூப்பிடுவார். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆனாலும் பெயர் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிரியாமல் அதிலேயே இருந்தார்கள். பெரியவளுக்குக் குழந்தை இல்லை. எனக்கு ஒரு பெண்.

பெரியவளுக்கு ஹோட்டல் லாண்டரியில் வேலை. கண்ணாடி வாசலும் கம்பளமும் வைத்த பெரிய ஹோட்டல்தான், ஆனால் லாண்டரி இருப்பது தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில். இருபத்தொரு வருஷம் அங்கே நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள், அந்த அறையில் நாற்காலியே கிடையாது. ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. மிஷினுக்குள்ளிருந்து ஈரத்துணியைக் குனிந்து அள்ளி, அப்படியே இடுப்பைத் திருப்பி, தள்ளுவண்டியில் போட வேண்டும். ஓர் அள்ளலுக்குப் பதினைந்து கிலோ இருக்கும். பிறகு உருளை இஸ்திரி மிஷினுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் மேல் சுட்ட துணி வாசனை அடிக்கும்.

அவளிடம் ஒரு குணம். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். கேட்காவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள். இடைப்பட்ட பேச்சே கிடையாது. நான் வீட்டிலேயே மிஷின் போட்டுத் திரைச்சீலை தைக்கிறவள். முதன்முதலாகத் தைத்த திரையை மாட்டிவிட்டு, "எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டேன். "இடது பக்கம் அரை அங்குலம் தூக்கியிருக்கு" என்றாள். டேப்பை வைத்துப் பார்த்தேன். சரியாக அரை அங்குலம். என் வீட்டுக்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அவள் எதிரில் வரவே பயப்படுவார்.

இந்தக் குணத்தால்தான் எங்களுக்குள் பேச்சு நின்றது. என் பெண்ணுக்கு ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையனின் அம்மா ஒரு நாள் சும்மா எட்டிப் பார்ப்பது போல வந்தாள். நான் தைத்த திரைகளைக் கொடுக்க வெளியே போயிருந்தேன். பெரியவள் மட்டும் இருந்தாள். அந்த அம்மா கேட்டிருக்கிறாள், பெண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று. இவள் சொல்லியிருக்கிறாள்: "சின்ன வயசுல வலிப்பு வந்துச்சு. ஆறு வயசோட நின்னுபோச்சு. இப்ப ஒண்ணும் இல்ல."

கடைசி வாக்கியம் யார் காதில் ஏறும்? மறுநாளே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் கூடத்தின் நடுவில் நின்று ஆடித் தீர்த்தேன். "ஏன் சொன்னீங்க? உங்க வயித்துல பிறந்த பொண்ணா இருந்தா சொல்லியிருப்பீங்களா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன், பிள்ளை இல்லாதவளிடம். அவள் முகம் மாறவில்லை. "கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆறு வருஷம் நான் அவளோடு பேசவில்லை.

இத்தனைக்கும் என் பெண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை. இரண்டு வருஷத்தில் அவளே ஒரு பையனைப் பார்த்து, வலிப்பு விஷயத்தையும் அவளே சொல்லி, கல்யாணம் பண்ணிக்கொண்டு தூரத்தில் நன்றாக இருக்கிறாள். என் கோபம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. வீம்புதான் தீரவில்லை. யார் முதலில் வாயைத் திறப்பது என்கிற கணக்கில் வருஷம் ஓடிவிட்டது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது சுலபமில்லை, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். ஆண்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் சொல்லுவோம். "கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லுவேன், அவள் நாலடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள். ஆண்கள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்லுவோம். "மழை வரும்போல இருக்கு, துணி மாடியில கிடக்கு." சொன்னவளும் யாரிடமும் சொல்லவில்லை, கேட்டவளும் எதையும் கேட்கவில்லை. துணி மட்டும் கீழே வந்துவிடும்.

அவள் முதுகுவலியும் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. இரண்டு வருஷமாக யூனிபார்முக்கு உள்ளே பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஒரு நாள் துணி அள்ளக் குனிந்தவள் நிமிர முடியாமல் லாண்டரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேர் அவளைத் துணி வண்டியில் படுக்க வைத்து லிப்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்களாம்.

ஸ்கேன் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னார். எலும்பு நகர்ந்து நரம்பை நெரிக்கிறது, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி ஸ்க்ரூ போட வேண்டும் என்றார். பெரியவள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மறுபடி நிக்க முடியுமா?" ஆறு மாதத்தில் நிற்கலாம், நடக்கலாம், பாரம் தூக்குவதைக் குறைத்துக்கொண்டால் வேலைக்கும் போகலாம் என்றார். "அப்ப பண்ணுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். இதை என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவளுக்கு வேண்டியது அந்தக் கால்கள்தான். வேறு எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. அவள் வீட்டுக்காரர், எங்கள் மூத்தவர், லாரி ஓட்டுகிறவர். ஒரு நடை போனால் நாலு நாள். விடுப்பெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். "உன்னை விட்டா யாரு இருக்கா?" என்று என்னைப் பார்த்தார்.

"செய்யறேன். ஆனா பேச மாட்டேன்" என்றேன்.

படுக்கையறைக் கதவில் வாக்கர் நுழையவில்லை என்பதால் கட்டிலைக் கூடத்தில் போட்டோம். என் தையல் மிஷினுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடம். அவளைப் புரட்டுவதற்கு ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். முதுகு மட்டும் திரும்பக் கூடாது, தோளும் இடுப்பும் முட்டியும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி. பக்கவாட்டில் வந்தபிறகு காலைக் கீழே விட்டுக் கையை ஊன்றி எழ வேண்டும். குனியக் கூடாது, முறுக்கக் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. எல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். தாளின் முன்பக்கத்தை நான் மனப்பாடம் பண்ணினேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

முதல் நாள் அவளைப் படுக்கவைத்தே விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. நான் இழுத்துப் பிடித்துத் திண்டாடினேன். அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பாதியச் சுருட்டி முதுகுக்கிட்ட தள்ளிட்டு, புதுசையும் அப்படியே சுருட்டி ஒட்டி வெச்சுட்டு, அந்தப் பக்கம் புரட்டி இழுத்தா வந்துடும்." வந்துவிட்டது. ஒரு சுருக்கம் இல்லை. மெச்சிக்கொள்ளத்தான் தோன்றியது, வாயைத் திறந்தால்தானே.

உடம்பு துடைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். நானும் எங்கேயோ பார்த்துக்கொள்வேன். ஆறு வருஷமாக முகத்தைப் பார்த்துப் பேசாத ஒருத்தியின் கையில் உடம்பு முழுக்கக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பெட்பேன் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்க மாட்டாள். டம்ளரில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். ரோஷத்தைப் பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இருந்தாலும் தேறிவந்தாள். ஆறாம் நாள் வாக்கரைப் பிடித்து எட்டு அடி வைத்தாள். எட்டாம் நாள் பாத்ரூம் வரைக்கும் போய் வந்தாள். பின்னால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நான். நெற்றியெல்லாம் வேர்த்துப்போய் வந்து உட்கார்ந்தவள் லேசாகச் சிரித்தாள், என்னைப் பார்த்து இல்லை, தன் காலைப் பார்த்து. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "முதுகுல வலி ஜாஸ்தியா இருக்கு. இடது கால் மரத்துப்போன மாதிரி இருக்கு."

எனக்கு ஓர் அலுவலகத்துக்குப் பதினாலு திரை மறுநாளே கொடுத்தாக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் மரத்துப்போகும், வந்து வந்து போகும் என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். பதில் சொல்லவில்லை. அன்று அவள் நடக்கவில்லை. நானும் நடக்கச் சொல்லவில்லை. மத்தியானம் பெட்பேன் வைத்தேன், காய்ந்தே வந்தது. கழுவும் வேலை ஒன்று மிச்சம் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி சொன்னாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஒண்ணுக்கு வர மாட்டேங்குது."

நானும் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "தண்ணி குடிச்சாத்தானே வரும்."

சொல்லிவிட்டு மிஷினை ஓட்டினேன். பிறகும் அவள் ஏதோ சொன்னாள். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டது. "கீழ ஒண்ணுமே தெரியல" என்றாள். நான் மிதியை இன்னும் அழுத்தினேன்.

மறுநாள் காலையில் உடம்பு துடைக்க வெந்நீர் கொண்டுவந்தேன். விடியற்காலை மூன்று மணி வரை தைத்ததில் கண் எரிச்சல், பச்சைத் தண்ணீர் கலக்க மறந்துவிட்டேன். துணியை நனைத்துப் பிழியும்போது என் விரல் பொத்துப்போகிற மாதிரி சுட்டது. அதற்குள் அந்தத் துணியிலிருந்து நாலு சொட்டு அவள் தொடையின் பின்பக்கம் விழுந்துவிட்டது. தோல் சிவந்தது. அவள் அசையவே இல்லை.

"சுடலையா?" என்றேன். அவள் முகத்தைப் பார்த்து.

ஆறு வருஷத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"தெரியல. உக்கார்ற இடத்துல இருந்து கீழ ஒண்ணுமே தெரியல. இடது பாதத்தைத் தூக்க வரல. நேத்துல இருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே" என்றாள்.

மருந்து டப்பாவுக்கு அடியில் இருந்த தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். சிவப்புக் கட்டம் போட்டு எழுதியிருந்தது: சிறுநீர் வராவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வர வேண்டும். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது எவ்வளவு நேரம் என்று தெரியாது. அன்றுதான் மூத்தவர் நடை முடிந்து வரும் நாள். வாசலில் செருப்பைக் கழற்றியவரிடம் "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டியூட்டி டாக்டர். களைத்துப்போயிருந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மூத்தவர், இந்தப் பக்கம் நான், கால்மாட்டில், வேலையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர். டாக்டர் பாதத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எப்ப இருந்து இப்படி இருக்கு?"

பெரியவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். மூத்தவருக்குக் கோபம் வந்தால் எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"இன்னிக்குக் காலையில இருந்துதான்" என்றாள்.

"கடைசியா யூரின் எப்ப போனீங்க?"

"காலையில போனேன். நல்லாத்தான் போச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டார். காலையில் போயிருந்தால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, ஆபரேஷன் செய்த இடத்தில் வீக்கம் இருக்கலாம், அட்மிட் பண்ணிப் பார்க்கலாம், பெரிய டாக்டர் நாளைக் காலையில் வருவார், ஸ்கேனை அவரிடம் கேட்டு எடுக்கலாம் என்றார். மூத்தவர் தலையாட்டினார். அவர் முகத்தில் உயிர் திரும்பிவந்தது.

நான் பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெண்ணுக்காக ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்ல மாட்டாளா என்று ஆறு வருஷம் வயிறெரிந்து கிடந்தவள் நான். இன்று எனக்காகச் சொல்லிவிட்டாள். எத்தனை சுலபமாகச் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், என் பெயர் கெடாது, வீட்டில் சண்டை வராது, எல்லாம் அவள் தலையெழுத்து என்று போய்விடும். போவது அவள் கால்.

"இல்ல டாக்டர்" என்றேன். "நேத்து காலையிலேயே கால் மரத்துப்போச்சு. நேத்துல இருந்து ஒரு சொட்டு யூரின் போகல. சாயங்காலம் கீழ ஒண்ணுமே தெரியலன்னு சொன்னாங்க. எங்கிட்டதான் சொன்னாங்க. நான் காதுல போட்டுக்கல."

"சின்னவளே, சும்மா இரு" என்றாள் பெரியவள்.

"நீங்க சும்மா இருங்க அக்கா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினார். அங்கே கல் மாதிரி இருந்திருக்கிறது. டியூப் போட்டதும் பை நிரம்ப நிரம்ப வந்துகொண்டே இருந்தது, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குப் பிறகு அங்கே யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். பெரிய டாக்டருக்குப் போன் போனது. ஸ்கேனில் இரத்தம் கட்டி நரம்பின்மேல் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மூத்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. எழுந்து போய் ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். இன்றுவரை என்னோடு நேராகப் பேசுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் தம்பியிடம் சொல்லிவிடுகிறார். எனக்கு அது பழகிய பாஷைதான், ஒன்றும் சொல்வதற்கில்லை.

இரத்தக்கட்டை எடுத்துவிட்டார்கள். சிறுநீர் உணர்வு மெதுவாகத் திரும்பும் என்றார் பெரிய டாக்டர். பாதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "பார்க்கலாம், ஆறு மாசம் பார்க்கலாம்" என்றார்.

அந்த ஆறு மாதத்தையும் கூடத்தில்தான் கழித்தோம். நான் பேச ஆரம்பித்தேன், ஆறு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினேன். "சுடுதா? குத்துதா? மரத்துப்போகுதா? தண்ணி குடிச்சீங்களா?" என்று மணிக்கொரு தரம் கேட்டேன். "ஆமா", "இல்ல", "இல்ல", "குடிச்சேன்" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள். ஒரு நாள், "கொஞ்ச நேரம் வாயை மூடறியா, காது வலிக்குது" என்றாள். கேட்டால் உள்ளதைச் சொல்லுகிறவள் கேட்காமலே சொல்லிவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

சிரித்ததெல்லாம் கொஞ்சம்தான். உடம்பை விட மனசுதான் அவளைப் போட்டு வாட்டியது. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோ பெண் வருவாள். பாதத்தில் துண்டைச் சுற்றி இழுக்கச் சொல்லுவாள், கட்டைவிரலை மேலே தூக்கு என்பாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். கட்டைவிரல் அசையாது. அது பாட்டுக்கு அங்கே கிடக்கும். "என் கால்னு தெரியுது, நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது" என்றாள் ஒரு முறை. இடையில் பதினோரு நாள் கட்டிலைவிட்டு எழவே மாட்டேன் என்றுவிட்டாள். பிசியோ பெண் வாசலோடு திரும்பிப் போனாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "விட்டுடு. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? நாலு பேருக்குப் பாரமா?" என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அது தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

லாண்டரியிலிருந்து ஐந்து பெண்கள் ஒரு லீவு நாளில் அவளைப் பார்க்க வந்தார்கள். சும்மா உட்கார அவர்களுக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே, கொடியிலிருந்து எடுத்துக் குவித்து வைத்திருந்த துணியையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டார்கள். அவள் இடத்தில் இப்போது ஒரு புதுப்பெண் நிற்கிறாளாம், விரிப்பைக் கோணலாகக் கொடுக்கிறாளாம். பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவர்கள் போனபிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அழுது முடித்துவிட்டு, "வாக்கரை எடு" என்றாள்.

அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. கட்டிலிலிருந்து வாசல், வாசலிலிருந்து தெருமுனை, தெருமுனையிலிருந்து பூட்டிக்கிடக்கும் சைக்கிள் கடை. பாதம் தொங்கித் தரையில் உரசும் என்பதால் முட்டியை உயரத் தூக்கித் தூக்கி வைப்பாள். டியூப்பை எடுத்துவிட்ட பிறகு, ஐம்பத்திரண்டாம் நாள், பாத்ரூமுக்குள்ளிருந்து "சின்னவளே, தானா வருது" என்று குரல் கொடுத்தாள். நான் பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடிவந்தார்.

பாதம் மட்டும் வரவில்லை. ஆறு மாதம் ஆனது, எட்டு ஆனது. பெரிய டாக்டர் இனி வராது என்று வாயால் சொல்லவில்லை, பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை செய்து கொடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார். பாதத்தைத் தொங்கவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொள்ளும் பட்டை. அதை மாட்டி அதன்மேல் ஷூ போட்டால் கோலை ஊன்றி நன்றாகவே நடக்கிறாள். லாண்டரியில் நிற்கிற வேலை இனி முடியாது. ஹோட்டல்காரர்கள் யூனிபார்ம் கொடுத்து வாங்கும் இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று கொடுத்தார்கள். அதுவும் அதே ஜன்னலில்லாத தளம்தான். இருபத்தொரு வருஷம் நின்றவளுக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள்.

ஸ்க்ரூ இருப்பதால் அவளால் குனிய முடியாது. அதனால் தினமும் காலையில் அவள் நாற்காலியில் உட்காருவாள், நான் கீழே உட்கார்ந்து பட்டையை மாட்டி, ஷூவைப் போட்டுவிடுவேன். அவளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்காமலே ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவாள் என்கிற பயம்தான்.

போன வாரம் ஒரு காலையில், பட்டையின் வாரை இழுத்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். தலையைத் தூக்காமலே கேட்டேன்.

"அக்கா. அன்னிக்கு சாயங்காலம் நான் மிஷினை நிறுத்தியிருந்தா, இந்தக் கால் வந்திருக்குமா?"

பொய் சொல்லட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு தடவை சொன்னவள்தானே.

"வந்திருக்கும்" என்றாள். "அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா பெரும்பாலும் கால் வந்திருக்கும்னு பெரிய டாக்டர் சொன்னாரு. ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்ச அடுத்த வாரமே நான் கேட்டுட்டேன்."

ஒன்பது மாதமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தினமும் இந்தக் காலை என் மடியில் தூக்கி வைத்திருக்கிறாள். என் கை நின்றுவிட்டது. வார் பாதியில் தொங்கியது.

"இழுத்துக் கட்டு, லூசா இருக்கு" என்றாள்.

கட்டினேன். ஷூவை மாட்டினேன். அவள் கோலை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை என் தோளில் ஊன்றி, முழுப் பாரத்தையும் என் மேல் போட்டு எழுந்து நின்றாள்.